புகைப்படமும் நிழற்படமும்

விமான சாகசக் காட்சி முடிந்த மறுநாள் வெளியாகும் படங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அவை எந்த ஊரில், எந்த மக்களின் நடுவில் எடுக்கப்பட்டவை என்று சொல்வது கடினம். நீல வானம், அதன் நடுவே கத்தி போல் கூர்மையாக ஒரு போர்விமானம். அல்லது ஒன்பது விமானங்கள் அம்புமுனையாக அணிவகுத்து இழுத்துச் செல்லும் புகைக்கோடுகள். பெங்களூருவின் எலஹங்காவாக இருக்கலாம், துபாயாக இருக்கலாம், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவாக இருக்கலாம், நம் மெரினாவாகவும் இருக்கலாம். இந்த ஒற்றுமையை இக்கலையில் ஈடுபட்ட நண்பர்கள் தங்கள் தேர்ச்சியின் அடையாளமாகக் கருதுகிறார்கள். நாம் அதை இக்கலையைப் பிடித்த நோய் என்று கருதுகிறோம். தரையை வெட்டி எறிந்துவிட்டு வானத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் படம் நடந்த நிகழ்ச்சியின் படம் அல்ல, விமானத்தின் விளம்பரம். 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் நடந்ததை முன்வைத்தே இதைப் பேச வேண்டியிருக்கிறது.

இந்திய விமானப் படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை அங்கே காட்சி நடந்தது. 72 விமானங்கள் பங்கேற்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ரஃபேல், சுகோய், தேஜஸ், பழைய டகோட்டா, சூர்ய கிரண் அணியின் ஹாக் விமானங்கள், மயில் தீட்டிய சாரங் ஹெலிகாப்டர்கள் என்று பட்டியல் நீண்டது. கூடியவர்கள் 15 லட்சம் பேர் என்று சொல்லப்பட்டது. அந்த எண்ணிக்கையே ஒரு சாதனையாகப் பேசப்பட்டது. காமராசர் சாலையில் நடக்க வழியில்லை. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என்று பறக்கும் ரயிலின் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. வெயிலிலும் நெரிசலிலும் மயங்கி விழுந்தவர்கள் ஏராளம். ஐந்து பேர் இறந்துபோனார்கள். குடையும் தொப்பியும் குடிநீரும் கொண்டுவரும்படி முன்பே அறிவுறுத்தப்பட்டிருந்தது என்று பின்னர் அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. ஏற்பாடு போதுமானதா, பொறுப்பு யாருடையது என்ற வாதங்கள் சட்டமன்றத்துக்கும் செய்தித்தாள்களுக்கும் உரியவை. நம் கேள்வி வேறு. அன்று அந்தக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான காமிராக்கள் இருந்தன. அவை எதைப் பார்த்தன?

மேலே பார்த்தன. செய்தித்தாள்களின் நிழற்படக்காரர்கள் சிலர் தங்கள் கடமையைச் செய்தார்கள். நெரிசலையும் மயங்கியவர்களைத் தூக்கிச் சென்றவர்களையும் மறுநாள் நாடு பார்த்தது என்றால் அது அவர்களால்தான். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் ‘மெரினா விமானக் காட்சி’ என்ற தலைப்பிட்டு ஆர்வலர்கள் தொகுத்து நம் பார்வைக்கு வந்த படத் தொகுதிகளில் மனிதர்கள் அநேகமாக இல்லை. மணல் இல்லை. கடலும்கூட அரிதாகத்தான் இருந்தது. அந்தத் தொகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு நூறாண்டு கழித்து ஒருவர் அந்த நாளின் வரலாற்றை எழுதினால், ஆளற்ற உலகத்தின் மேலே விமானங்கள் தமக்குத் தாமே விளையாடிக்கொண்டிருந்தன என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

கருவியின் இயல்பே இப்படி என்று பதில் வரும். அது பாதி உண்மை. தொலைவில் பறப்பதை நெருக்கமாகக் காட்ட டெலிஃபோட்டோ லென்ஸ் வேண்டும். 600 மில்லிமீட்டர் லென்ஸ் காணும் கோணம் ஏறத்தாழ 4 பாகைதான். தன்னைச் சுற்றியுள்ள 360 பாகைகளில் 4 பாகையை மட்டும் ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். ஆனால் லென்ஸைக் கழற்றவும் மாற்றவும் முடியும். கழுத்தைத் திருப்ப எந்தக் கருவியும் தடையாக இருப்பதில்லை. கருவி கோணத்தைக் குறுக்குகிறது. அந்தக் கோணத்தை எங்கே திருப்புவது என்று முடிவு செய்பவர் மனிதர்.

அன்றைய வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணியை ஒட்டி. அதாவது காட்சி நடந்த 2 மணி நேரத்தின் சரி நடுவில். நிழற்படக்காரர்களுக்கு இதைவிடக் கெட்ட வெளிச்சம் கிடையாது. ஒளி தலைக்கு மேலிருந்து விழும்போது விமானத்தின் முதுகு வெளுத்துப்போகும். நாம் கீழிருந்து பார்க்கும் வயிற்றுப்புறம் கறுத்துப்போகும். வீட்டுக்கு வந்து கணினியில் அந்தக் கறுப்பைத் தூக்கி, வயிற்றில் எழுதிய எழுத்துகள்கூடத் தெரியும்படி செய்வது இக்கலையின் அரிச்சுவடி. ஆக, அந்த நேரத்து வெயில் எப்படிப்பட்டது என்பதை அந்த மணலில் நின்றவர்களில் நிழற்படக்காரர்களைப் போல் நுட்பமாக அறிந்தவர்கள் வேறு யாருமில்லை. விமானத்தின் வயிற்றில் விழுந்த நிழலைப் போக்க அவர்கள் மணிக்கணக்காகப் பாடுபட்டார்கள். தங்களைச் சுற்றி மணலில் ஒதுங்க நிழலே இல்லை என்பதைப் படமாக்க ஒரு நொடியையும் செலவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. கூர்மையாக வளையும் போர்விமானத்தின் இறக்கைகளின் மேல் வெண்மேகம் போல் ஆவி படியும். விமானக் காட்சிப் படங்களில் மிகவும் மதிக்கப்படுவது அதுதான். 1999 ஜூலையில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் கே, விமானந்தாங்கிக் கப்பலின் மேலிருந்து எடுத்த ஹார்னெட் விமானத்தின் படம் உலகெங்கும் புகழ்பெற்றது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசும் பெற்றது. விமானம் ஒலித்தடையை உடைக்கும் கணம் என்று அந்தப் படத்தை இன்றும் பலர் பகிர்கிறார்கள். ஒலியின் வேகத்தை எட்டாமலும் அந்த மேகம் தோன்றும். காற்றின் அழுத்தம் திடீரென்று குறைகிறது, அதனால் காற்று குளிர்கிறது, அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. வேண்டியது ஈரக்காற்று. ஆகவே கடற்கரைக் காட்சிகள் என்றால் ஆர்வலர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் மனித உடலின் வியர்வையைக் காயவிடாமல் செய்வதும் அதே ஈரம்தான். வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிராது. உடல் குளிராவிட்டால் வெயில் உயிரைக் குடிக்கும். படத்துக்கு அழகு தரும் அதே காற்று கீழே நிற்பவருக்கு ஆபத்து தருகிறது. இந்த இரண்டையும் ஒரே நிகழ்ச்சியாகப் பார்க்கத் தெரியாத கண்ணை நாம் தேர்ந்த கண் என்று ஒப்புக்கொள்வது எப்படி?

இக்கலைக்குள் நெறி என்ற ஒன்று இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறது, கறாராகவே இருக்கிறது. ஜெட் விமானத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரத்தில் உறையவைக்கலாம். ஆனால் சுழலி உள்ள விமானத்தையோ ஹெலிகாப்டரையோ அப்படி எடுக்கக் கூடாது என்பார்கள். எடுத்தால் சுழலும் அலகுகள் அசையாமல் நின்றுவிடும். விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மையாகிவிடும். அதனால் ஷட்டரை 125இல் ஒரு பங்கு, 250இல் ஒரு பங்கு என்று தாழ்த்தி, விமானம் போகும் திசையிலேயே காமிராவையும் ஒரே சீராக நகர்த்தி, சுழலியின் கலங்கலைக் காப்பாற்றுகிறார்கள். பத்துப் படத்தில் எட்டு கெடும். பரவாயில்லை என்கிறார்கள். நின்றுபோன சுழலி பொய் என்பது அவர்கள் நம்பிக்கை. நமக்கும் அது உடன்பாடே. சுழலி நின்றதாகக் காட்டுவது பொய் என்றால், சுற்றி லட்சக்கணக்கானோர் நிற்கையில் யாருமே இல்லாததாகக் காட்டுவது என்ன?

இவர்களின் படங்களுக்குள் தரை நுழையும் தருணம் ஒன்று உண்டு. விமானம் விழும்போது. 1988 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் மூன்று விமானங்கள் மோதி, ஒன்று பார்வையாளர்கள் மேல் விழுந்து 70 பேர் இறந்தார்கள். 2002 ஜூலையில் உக்ரைனின் லிவிவ் நகரத்து ஸ்க்னிலிவ் விமானத்தளத்தில் சுகோய் விமானம் கூட்டத்துக்குள் பாய்ந்து 77 பேர் இறந்தார்கள். 2025 நவம்பர் 21 அன்று துபாயில் நம் தேஜஸ் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். அப்போதெல்லாம் லென்ஸ்கள் விழும் விமானத்தோடு கீழே இறங்கி வந்தன. தரையும் மனிதர்களும் சட்டகத்துக்குள் வந்தார்கள். மெரினாவில் எந்த விமானமும் விழவில்லை. சாகசங்கள் பிழையின்றி முடிந்தன. ஆகவே ஐந்து பேர் இறந்தும் தரை சட்டகத்துக்குள் வரவில்லை. இயந்திரம் தொட்டால்தான் தரைக்கு முகம் உண்டு என்ற இந்தக் கணக்கு நமக்கு அருவருப்பாக இருக்கிறது.

விமானத்தைப் பார்க்கும் கலை பிறந்தபோது இப்படி இருக்கவில்லை. 1909 செப்டம்பரில் இத்தாலியின் பிரெசியாவில் நடந்த விமானப் போட்டியைக் காண மாக்ஸ் பிராடுடனும் அவர் தம்பியுடனும் காஃப்கா போனார். அப்போது அவருக்கு வயது 26. அதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை அந்த மாதமே பிராகின் ‘போஹேமியா’ நாளிதழில் வந்தது. ஜெர்மன் மொழியில் விமானத்தைப் பற்றி வந்த முதல் எழுத்துகளில் அது ஒன்று. பிளெரியோவும் கர்ட்டிஸும் பறப்பதைப் பார்க்கப் போனவர், கூட்டத்தையும் காத்திருப்பையும் கிளம்ப மறுக்கும் எஞ்சினோடு போராடும் பணியாட்களையும் சீமாட்டிகளின் உடைகளையும் அதே கவனத்தோடு பார்த்தார். விமானம் மேலே போன பிறகும் அவர் கண் கீழே இருந்தது. அதனால்தான் அந்தப் போட்டியின் வெற்றி தோல்விகள் மறந்துபோன இந்நாளிலும் அந்தக் கட்டுரை உயிரோடு இருக்கிறது.

காமிராவிலும் முன்னோர் உண்டு. பிரான்சின் ஜாக் ஹென்றி லார்த்திக் 1910இல் ரூஸா என்ற ஊரில், தன் அண்ணன் செய்த கிளைடர் தரையைவிட்டு எழும் கணத்தை எடுத்தார். அப்போது அவர் பதினாறு வயதுப் பையன். மேலே கிளைடர், கீழே தாங்களும் பறந்துவிடுவதைப் போல் கை விரித்து எம்பும் உறவுக்காரப் பையன்கள். அந்தப் பையன்களை வெட்டிவிட்டால் மிஞ்சுவது துணி போர்த்திய ஒரு மரச்சட்டம். பறத்தல் என்பது என்ன என்று அந்தப் படத்தில் சொல்பவர்கள் பறக்காதவர்கள்தாம்.

பிரெசியாவுக்கு இரண்டாண்டுகள் கழித்து, 1911 நவம்பர் முதல் நாள், இத்தாலிய விமானி ஒருவர் லிபியாவில் விமானத்திலிருந்து கையால் குண்டுகளை வீசினார். போரில் விமானத்திலிருந்து வீசப்பட்ட முதல் குண்டுகள் அவை. வேடிக்கை பார்க்கப்பட்ட பொருள் அத்தனை விரைவில் வேறொன்றாகிவிட்டது. வானில் தெரியும் உருவத்துக்குப் பொருள் தருவது அதைக் கீழிருந்து பார்ப்பவரின் நிலை என்பதை அன்றிலிருந்து உலகம் அறிந்திருக்கிறது. தமிழர்களாகிய நாம் அதைக் கூடுதலாகவே அறிந்திருக்க வேண்டும். மெரினா நிற்கும் அதே வங்கக் கடலின் தெற்கே, ஈழத்தில், 1990களின் பிற்பகுதி முதல் 2009 வரை ‘கிபிர்’ என்ற சொல் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. அங்கே விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்க நேரமில்லை. பதுங்குகுழியை நோக்கி ஓட்டம். ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே கடல், மேலே அதே இனத்து இயந்திரம். ஒரு கரையில் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். மறுகரையில் பிள்ளையை வயிற்றோடு அணைத்துக் குழிக்குள் இறங்கினார்கள். தரையை வெட்டிவிட்டால் இந்த இரண்டு படங்களுக்கும் இடையே என்ன வேறுபாடு எஞ்சும்? நீல வானமும் கூர்மையான ஒரு விமானமும்தான். இந்த வேறுபாட்டைத் துடைத்துவிடும் அழகியல் எவ்வளவு நுட்பமானதானாலும் நமக்கு வேண்டாம்.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய சிக்கலும் அல்ல. பாடலுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றை வகுத்த தொல்காப்பியம், அவற்றுள் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றது. நிலமும் பொழுதும் முதல்; விலங்கும் பறவையும் மரமும் கரு; மனிதரின் ஒழுக்கம் உரி. உரியே தலையாயது. மலையையும் மயிலையும் எத்தனை நயமாகச் சொன்னாலும், அங்கே யாரோ ஒருவர் கூடவோ பிரியவோ காத்திருக்கவோ இல்லையென்றால் அது அகப்பாட்டு ஆகாது. விமானக் காட்சிப் படங்களை இந்த அளவுகோலால் அளந்தால், அவற்றில் உரி இல்லை என்பதோடு முதலும் இல்லை. நிலம் வெட்டப்பட்டுவிட்டது, பொழுது கணினியில் திருத்தப்பட்டுவிட்டது. எஞ்சியது கரு ஒன்று மட்டும்.

நம் மொழியில் இக்கலைக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன: புகைப்படம், நிழற்படம். விமானக் காட்சிகளில் எடுக்கப்படுவது சொல்லுக்குச் சொல் புகைப்படம்தான். புகையைப் பிடித்த படம். நிழற்படம் என்று அதைச் சொல்ல வேண்டுமானால், நிழல் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதும் அதில் இருந்தாக வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். இது ஒரு பொழுதுபோக்கு, இதில் ஏன் அறத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறீர்கள் என்பது ஒன்று. பறவைகளைப் படமெடுப்பதும் பொழுதுபோக்குத்தான். ஆயினும் கூட்டை நெருங்கிப் படமெடுக்கக் கூடாது என்ற நெறியைப் பறவை ஆர்வலர்கள் பலர் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். அதனால் அவர்களின் மகிழ்ச்சி குறைந்துவிடவில்லை. விருப்பத்தோடு செய்யும் வேலைக்கே நெறி அதிகம் வேண்டும்.

தரையைக் காட்டுவது செய்தியாளரின் வேலை என்பது இன்னொன்று. இந்த வேலைப் பிரிவினைதான் கோளாறின் வேர். செய்திப் படம் ஒருநாள் வாழும். மறுநாள் பழைய தாள்காரரின் தராசுக்குப் போய்விடும். அழகிய படமோ நாட்காட்டியிலும் கண்காட்சியிலும் வீட்டுச் சுவரிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். நினைவாக நிலைப்பது எதுவோ அதற்குத்தான் பொறுப்பும் கூடுதல்.

விமானிகளின் உழைப்பையும் தீரத்தையும் சிறுமைப்படுத்துகிறீர்கள் என்பது மூன்றாவது. இல்லை. அவர்களின் பெயரால்தான் இதைச் சொல்கிறோம். 1952 செப்டம்பரில் ஃபார்ன்பரோவில் ஒரு விமானம் வானிலேயே உடைந்து, அதன் பாகங்கள் கூட்டத்தின் மேல் விழுந்து, விமானத்தில் இருந்த இருவரோடு சேர்த்து 31 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. கூட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே இவ்வளவு தூரம், இந்த உயரத்துக்குக் கீழே வரக்கூடாது, கூட்டத்தை நோக்கிப் பாயக்கூடாது என்று எல்லைகள் வகுக்கப்பட்டன. சாகச விமானியின் ஒவ்வொரு வளைவும் கீழே மனிதர்கள் நிற்கிறார்கள் என்ற நினைவோடு திட்டமிடப்படுவது. தலைகீழாகப் பறக்கும்போதும் அவர் தரையை மறப்பதில்லை. இரண்டு கால்களாலும் தரையில் நின்றுகொண்டிருக்கும் நிழற்படக்காரர் அதை மறந்துவிடுகிறார்.

விமானத்தைப் படமெடுக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்துக்கும் அழகு உண்டு. அண்ணாந்து பார்க்கும் ஆசை மனிதரின் நல்ல ஆசைகளில் ஒன்று. நாம் கேட்பது சிறிய அளவில் மூன்று. பத்துப் படம் வெளியிட்டால் அவற்றில் ஒன்றேனும் தரையில் எடுத்ததாக இருக்கட்டும்: கையைக் குடையாக்கிப் பார்க்கும் பாட்டி, கூட்டத்துக்குள் சுண்டல் வாளியோடு நீந்தும் பையன், தண்ணீர் தேடி நடக்கும் குடும்பம். படத்தின் கீழே லென்ஸின் அளவையும் ஷட்டரின் வேகத்தையும் எழுதுபவர்கள், ஊரையும் நாளையும் மணியையும் வெயிலின் அளவையும் சேர்த்து எழுதட்டும். விமானப் படங்களுக்குப் போட்டியும் கண்காட்சியும் நடத்துபவர்கள், விமானமும் மனிதரும் ஒரே சட்டகத்தில் வரும் படங்களுக்கென்று ஒரு பிரிவு வைக்கட்டும். இவற்றில் எதற்கும் பணம் செலவில்லை. அகன்ற லென்ஸ் அநேகமாக எல்லோருடைய பையிலும் இருக்கிறது. இல்லாவிட்டால் கைப்பேசியே போதும்.

இதனால் இறந்த ஐந்து பேர் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் ஆர்வலர்களின் காமிராக்கள் தரையையும் பார்த்திருந்தால், கூட்டம் எங்கே தேங்கியது, நிழல் எங்கே இல்லை, தண்ணீர் எங்கே கிடைக்கவில்லை என்பதற்கு ஆயிரக்கணக்கான சாட்சிகள் இருந்திருக்கும். அடுத்த காட்சியைத் திட்டமிடுபவர்கள் அவற்றைப் புறக்கணிக்க முடியாது. அப்படிப்பட்ட சாட்சியாகும் வாய்ப்பு இக்கலைக்கு இருந்தது. அதை அது வீணாக்கியது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 8 வரும். விமானப் படை நாளையொட்டி ஏதோ ஓர் ஊரின் வானம் மீண்டும் புகையால் நிரம்பும். அந்த ஊரின் நிழற்படக்காரர்கள் இரண்டு விமானங்களுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் காமிராவைத் தாழ்த்திப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கட்டும். அவரும் அந்தக் காட்சியின் பகுதிதான்.